ஒன்பதாம் வாரத்துப் புதன்கிழமை

ஊசிமேடு கலை அறிவியல் கல்லூரியில் மங்கையர்க்கரசி மேடம் எழுதிய பாடத்திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்த வருஷம் என்று சொன்னால், அந்த ஊரில் இன்றைக்கும் எல்லோருக்கும் எந்த வருஷம் என்று தெரியும். அதற்கு முந்தைய வருஷங்களிலும் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டங்கள் அச்சுப் பிசகாமல் நடந்ததாகத்தான் ஃபைல்கள் சொல்லும், ஆனால் அது வேறு சங்கதி. அங்கே வழக்கம் என்னவென்றால், ஜூன் மாதம் எழுத வேண்டிய திட்டத்தை யாரும் ஜூன் மாதம் எழுத மாட்டார்கள். ஆய்வுக் குழு வருகிறது என்று நவம்பரில் சுற்றறிக்கை வந்த பிறகு, எந்த வாரம் எந்தப் பாடம் நடந்தது, எந்த நாள் மழைக்கு லீவு விட்டது, எந்த நாள் யாருக்காக இரங்கல் கூட்டம் நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து எழுதி, தலைப்பில் 'திட்டம்' என்று போட்டு, ஜூன் மாதத் தேதியில் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். நடந்து முடிந்ததைப் பார்த்து எழுதிய திட்டம் எப்படித் தவறும்? ஆய்வுக் குழுவும் அதை மெச்சி, வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

புவியியல் சொல்லிக்கொடுக்கும் மங்கையர்க்கரசிக்கு, பதினோரு வருஷம் இப்படி எழுதி அலுத்துப்போனது. எல்லோரும் அரசி மேடம் என்று கூப்பிடும் அவருக்கு எதுவும் மழுப்பலாக இருக்கக் கூடாது. 'இது பரீட்சைக்கு வருமா மேடம்', 'அசைன்மென்ட் எப்போ மேடம்', 'லேட்டா வந்தா அட்டென்டன்ஸ் உண்டா மேடம்' என்று வருஷம் முழுக்க வாசலில் நின்று கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் முதல் நாளே பதில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிள்ளைகளுக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி என்று நினைத்தார். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதினார். அடித்து அடித்துத் திருத்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே ஒரு அர்த்தம்தான் வரும்படி பார்த்துக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் எந்த வாரம் எந்தப் பாடம் என்கிற அட்டவணை வர வேண்டும். அதற்குள் கல்லூரி திறக்கிற நாள் வந்துவிட்டது, ஆகவே போன வருஷத்து ஃபைலில் இருந்த அட்டவணையை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, அப்படியே ஒட்டினார். அந்தப் பாடத்திட்டத்தில் அவர் காட்டிய ஒரே சோம்பல் அதுதான்.

முதல் நாள் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்பு தொடங்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. இரண்டாம் வருஷ புவியியலில் நாற்பத்திரண்டு பேர். அரசி ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து, முதல் இரண்டு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். முதல் விதி, வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கும், ஒன்பது முப்பத்தைந்துக்கு மேல் யாரும் உள்ளே வர முடியாது. நாலாவது விதி, வகுப்பில் கைபேசி ஒலிக்காது. பன்னிரண்டாவது விதி, இந்தத் திட்டத்தில் எதை மாற்றுவதானாலும் வகுப்பில் உள்ள அனைவரும் கையெழுத்திட்ட பிறகே மாற்றப்படும். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மேடம்" என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் அந்தக் குரல் ஒன்றுதான். பிறகு வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ஒன்பது முப்பத்தாறுக்கு, கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்த இரண்டு பேர் வகுப்பு வாசலுக்கு வந்தபோது அங்கே வாசல் இல்லை. காரை பெயர்ந்த பழைய சுவர், கதவு இருந்த இடத்தையும் மூடி, ஜன்னல் வரைக்கும் ஒரே சுவராக நின்றது. அவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள், ஒரு தரம் தோளால் தள்ளியும் பார்த்தார்கள், அப்புறம் மேடம் சொன்னது நிஜம்தான் போல என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் கேன்டீனுக்கே போனார்கள். பத்தரைக்கு மணி அடித்ததும் கதவு அதனிடத்துக்கு வந்தது. கைபேசிகளும் வகுப்புக்குள் வந்த நிமிஷத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. மாணவர்கள் இரண்டு நாள் இதைப் பற்றிப் பேசினார்கள், மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்துச் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். அரசிக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மூன்றாம் வாரம் மழையின் வகைகள். திங்களன்று வெப்பச்சலன மழை என்று போட்டிருந்தது, மத்தியானம் வரை கொளுத்திவிட்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டியது. வியாழனன்று மலைத்தடுப்பு மழை. ஊசிமேட்டில் மலையென்று சொல்லிக்கொள்ள கழுகுப் பாறை ஒன்றுதான் உண்டு, அதுவும் ஆடு மேய்கிற உயரம். ஆனாலும் மேகம் கடமை தவறாமல் வந்து அந்தப் பாறையில் முட்டி, காற்றடிக்கும் பக்கம் பெய்து, மறுபக்கத்தைக் காயவிட்டது. மறுபக்கத்தில் உளுந்து போட்டிருந்தவர்கள் மறுநாளே கல்லூரி வாசலுக்கு வந்து, பாடத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வழியுண்டா என்று கேட்டார்கள். வாட்ச்மேன் அவர்களிடம் பன்னிரண்டாவது விதியை விளக்கிச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஊர் அந்தத் திட்டத்தோடு வாழக் கற்றுக்கொண்டது. ஜெராக்ஸ் கடையில் அந்த மூன்று பக்கமும் எப்போதும் தயாராகக் கிடந்தது. டீக்கடையில் ஒன்று, உரக்கடையில் ஒன்று, சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று ஒட்டினார்கள். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் அரசி மேடத்தின் அட்டவணையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் அந்தந்த வாரத்தை மட்டும் பார்த்தார்களே தவிர, அடுத்த வாரம் என்ன என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமைக்கு நிலநடுக்கம் என்று போட்டிருந்தபோது மட்டும் கொஞ்சம் கலவரம் ஆனது. "ஒரு மணி நேரம்தாம்மா ஒதுக்கியிருக்காங்க, பயப்படாதீங்க" என்று படித்தவர்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்கள் முந்தின நாளே பரணிலிருந்த பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்தார்கள், சலூன்காரர் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் சவரம் செய்யவில்லை. ஒன்பதரைக்கு ஊர் லேசாக ஆட ஆரம்பித்தது, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள், பத்தரைக்குக் கல்லூரி மணி அடித்ததும் நின்றது. பாத்திரங்களைத் திரும்பப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் சமைக்கப் போனார்கள்.

எட்டாம் வாரம் வியாழக்கிழமை, வகுப்பு முடியப்போகிற நேரத்தில், எதையும் கேட்காமல் விடாத வனராஜ் என்கிற மாணவன் எழுந்து நின்றான். மூன்றாம் பக்கத்தைக் கடைசிவரை வாசித்த முதல் ஆள் அவன்தான்.

"மேடம், அடுத்த புதன்கிழமை யாரு மேடம்?"

"யாருன்னா?"

"போட்ருக்கே மேடம். ஒன்பதாவது வாரம், புதன், இரங்கல் விடுமுறை, வகுப்பு இல்லை."

அரசி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். போன வருஷம் இதே ஒன்பதாம் வாரத்தில்தான் தமிழ்த்துறை கிருபாகரன் சார் மாரடைப்பில் போனார். கல்லூரியே அழுதது, அரசியும் அழுதார், நவம்பரில் ஆய்வுக் குழுவுக்காகத் திட்டம் எழுதியபோது அந்த நாளுக்கு நேரே அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். தேதியை மாற்றியவர் வரியை மாற்றவில்லை. மழையைக் கொண்டுவந்த தாள் இதையும் கொண்டுவரும் என்பதில் அந்த அறையில் இருந்த யாருக்கும் சந்தேகம் இல்லை. தான் ஒரு மனிதரைக் கொல்லப் போகிறோம், அது யார் என்றுகூடத் தெரியாது என்று அவருக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. இரங்கல் விடுமுறை என்றால் பணியில் இருக்கிற ஊழியருக்கோ படிக்கிற மாணவருக்கோதான் விடுவார்கள் என்று அலுவலகத்தில் விதியை எடுத்துச் சொன்னதும், வயதான தாளாளரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்த முதல்வர் சற்குணபாண்டியன் புதன்கிழமைக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தார். லீவில் வீட்டில் இருந்தபடி உயிர் போனாலும் இரங்கல் கூட்டம் கூட்டம்தானே என்று யாரோ சொல்ல, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்த வேதியியல் துறையினர் இரண்டு பேர் கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். எல்லோரும் எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், பைக்கை யாரும் வேகமாக ஓட்டவில்லை. அரசியைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் அந்த வரியை அடித்துப் பார்த்தார். மறுநாள் காலையில் அடித்த கோடு போய், வரி மட்டும் இருந்தது. புதிதாக அச்சடித்துப் பார்த்தார், அதிலும் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டார், டீக்கடைச் சுவரில் இருந்த நகல் சிரிக்காமல் கொள்ளாமல் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை வனராஜ்தான் மறுபடி எழுந்தான். "பன்னிரண்டாவது விதி இருக்கே மேடம்." நாற்பத்தோரு பேர் ஓடி வந்து கையெழுத்துப் போட்டார்கள். வரி அசையவில்லை. அரசி பதிவேட்டைப் புரட்டினார். இருபத்தேழாம் எண், பேச்சித்தாய், ஊர் கீழப்பட்டம். முதல் நாள் மட்டும் வருகை, பிறகு வரிசையாக எல்லா நாளும் வரவில்லை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"இந்தப் பொண்ணு ஏன் வரலை?"

பெண்கள் பக்கம் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "வந்தா மேடம். அவ ஊரு பஸ்ஸு ஒம்பது நாப்பதுக்குத்தான் இங்க வரும். முதல் நாளு பதினொரு மணிக்குத் தொடங்குனதால உள்ள வந்துட்டா. மறுநாள்லேருந்து பதினோரு நாளு வெளிய நின்னு சொவத்தப் பாத்துட்டுப் போவா. பெறவு நின்னுட்டா."

"என்கிட்ட ஏம்மா யாரும் சொல்லலை?"

"ரூல்தான மேடம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை முதல்வர் அரசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் ஒரு வழி சொன்னார். "ரெண்டு மாசமா வராத மாணவி. நீக்கம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம், இப்பவே கையெழுத்துப் போடுறேன். அப்புறம் உங்க வகுப்புல அனைவரும்னா நாப்பத்தியோரு பேருதான்." அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மேஜையின் மேல் மாத்திரை டப்பா திறந்தபடி இருந்தது. அது சரியான வழிதான் என்று அரசிக்கும் தெரிந்தது, விதிப்படி எந்தக் குற்றமும் இல்லை, ஒரு வரி எழுதினால் கல்லூரியே நிம்மதியாகத் தூங்கும். பேனாவைத் திறந்தார், இருபத்தேழு என்று எழுதினார், அதற்கு மேல் ஓடவில்லை. பதினோரு நாள் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது, உள்ளே நான் அதற்கு வரவில்லை என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. "போய்ப் பார்த்துட்டு வாரேன் சார்" என்று எழுந்துவிட்டார்.

முகவரியைத் தேடி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, திங்கள் சாயங்காலம் பஸ் ஏறினார். கீழப்பட்டத்துக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், வேறு வண்டி கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஆனது. பேச்சித்தாய் தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீசிலிருந்து அப்போதுதான் திரும்பி, விரலில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் அம்மா அன்னத்தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். பிள்ள தப்புத்தண்டா எதுவும் பண்ணிட்டாளா?"

"அவ பண்ணலைம்மா. நான்தான் பண்ணிட்டேன்" என்று அரசி நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். பேச்சித்தாய் நின்றபடியே கேட்டாள். நிலநடுக்கத்துக்குப் பாத்திரம் இறக்கி வைத்தது அவர்கள் வீட்டிலும் நடந்ததுதான்.

"எம்பேரை அடிச்சிருங்க மேடம். உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு."

"அடிக்கச் சொல்லித்தான் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை."

"இப்ப ஒரு கையெழுத்து வேணுங்கவும் மனசு வரலையாக்கும்." அம்மா 'ஏட்டி' என்று அதட்டினாள், அவள் நிறுத்தவில்லை. "முத நாளு நானும் போட்டேன் மேடம். ஒம்பதரைன்னு நீங்க வாசிக்கும்போதே எனக்கு எங்க ஊரு பஸ்ஸுதான் ஞாபகம் வந்துச்சு. புரிஞ்சுதான்னு கேட்டீங்க. நல்லாப் புரிஞ்சுது. முடியுமான்னு கேக்கலயே."

பன்னிரண்டு விதிகளை அத்தனை முறை அடித்துத் திருத்தியபோது ஒரு தரம்கூட அந்தக் கேள்வி அரசிக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது, மாணவி முன்னால் அழக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பேச்சித்தாய் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பிப் போகப் பஸ் இல்லை, அன்றைக்கு அவர் அங்கேயே தங்கினார். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள், கையெழுத்தைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. காலையில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, பேச்சித்தாய் தலை வாரிக்கொண்டு, போன செமஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னாலேயே வந்தாள்.

எட்டேகாலுக்கு ஏறிய பஸ் எல்லா ஊரிலும் நின்றது, ஆட்டுக்கும் நின்றது, கூடைக்காரிக்கும் நின்றது. அரசி மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து வந்தார். "பாத்தா வேகமாப் போகாது மேடம், நானும் பதினோரு நாளு பாத்திருக்கேன்" என்றாள் பேச்சித்தாய். ஒன்பது நாற்பதுக்கு இறங்கி இரண்டு பேரும் ஓடினார்கள். மாடியேறிப் போனால், பதினோரு வருஷமாக அரசி பாடம் நடத்திய வகுப்புக்கு வாசல் இல்லை. விதியில் மாணவர் என்று எழுதாமல் யாரும் என்றுதான் எழுதியிருந்தார். காரை பெயர்ந்த அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தார், ஈரமாகச் சில்லென்று இருந்தது. உள்ளே நாற்பத்தோரு பேரும் 'மேடம் வரலையே, மேடத்துக்குத்தானோ' என்று பேசிக்கொள்வது கேட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் நின்றிருக்கிறாள் என்று அரசி பக்கத்தில் பார்த்தார். பேச்சித்தாய் பழகியவளாய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

பத்தரைக்கு மணி அடித்தால் கதவு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் காத்திருக்கவில்லை. ஜன்னலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. வனராஜ் வராந்தாப் பக்கத்து ஜன்னலைத் திறந்தான், மூன்றாம் பக்கத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயுமாக வகுப்பு கூடியது. "புதன்கிழமைக்கு என்ன எழுத?" என்று அரசி முதன்முறையாகக் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் 'வகுப்பு உண்டு, பாடம் கடலோரம், எல்லோரும் வருவோம்' என்று முடிவானது. "முதல் விதிக்கு?" என்று அவர் பேச்சித்தாயைப் பார்த்தார். கீழப்பட்டத்துப் பஸ்ஸில் வருகிறவர் கல்லூரி வாசலை மிதித்த பிறகே பாடம் தொடங்கும் என்று அவள் சொல்லச் சொல்ல அரசி எழுதினார். எல்லோருக்கும் சம்மதமா, முடியுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். விடுதி மாணவன் ஒருவன், மதிய வகுப்பு தள்ளிப்போகுமே என்றான், அதைப் பேசித் தீர்க்கப் பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பழைய வரி, ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி, மெல்லப் போய்விட்டது. போனது போனதுதானா என்று அன்றைக்கு யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை ஒன்பதரைக்கே நாற்பத்தோரு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல்வர் உயிரோடு வந்து, வராந்தாவில் இரண்டு தரம் நடந்து, தன்னை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனார். ஒன்பது நாற்பதானது, பஸ் சத்தம் கேட்கவில்லை. பத்தானது. அரசி வருகை எடுத்தார். இருபத்தேழு என்று கூப்பிட்டபோது பதில் இல்லை, அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் அடுத்த எண்ணுக்குப் போனார். யாரோ ஒரு பெண் விசும்பினாள். கைபேசியில் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் நாலாவது விதி மாறவில்லை. பத்தேகாலுக்கு அரசி எழுந்து போய், கரும்பலகையில் கடற்கரைக் கோட்டை வரையச் சாக்பீஸை வைத்து இழுத்தார். ஒன்றும் விழவில்லை. சாக்பீஸ் தேய்கிறது, பொடி கொட்டுகிறது, பலகை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அவள் இன்னும் வாசலை மிதிக்கவில்லை என்று எல்லோருக்கும் அதிலேயே தெரிந்தது. அவர் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தார், ஒரு சாக்பீஸ் தீர்ந்து இன்னொன்றை எடுத்தார். கடவுளே, என்னையே வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று வாய்க்குள் சொன்னார்.

பத்தே முக்காலுக்கு, பலகையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

அரசிக்குக் கை நின்றுவிட்டது. பின்னால் நாற்பத்தோரு பேரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. வாசலில் பேச்சித்தாய், முழங்கை வரை கிரீஸ் கறையோடு, மூச்சு வாங்க நின்றாள். உள்ளே வராமல், முதலில் கதவு நிலையைத் தொட்டு அது மரம்தானா என்று பார்த்தாள்.

"பஸ்ஸு பஞ்சர் மேடம். எல்லாரும் சேந்துதான் டயர் மாத்துனோம். லேட்டாயிருச்சு."

"லேட்டெல்லாம் இல்லை" என்றார் அரசி. "நாங்க இன்னும் ஆரம்பிக்கலை. உள்ள வா."